மேட்டு மண்

லாரி ஓட்டுநருக்கு மண் முதலாளி ஒன்பதாயிரம் தர வேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கியதல்ல, கூலியில் பிடித்த பணம். பிடித்த அன்று அதைக் கடன் என்று அவர் நினைக்கவில்லை.

முதலாளி சின்ன வயதிலேயே கூடையில் மண் சுமக்கத் தொடங்கியவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததோடு சரி. இன்றைக்கு இரண்டு லாரி, ஒரு பொக்லைன். எவன் தயவும் இல்லாமல் சம்பாதித்தது. ஒரு பிடி மண்ணை மோந்து பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று தொழிலில் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதில் அவருக்கும் பெரும்பங்கு உண்டு.

குப்பை கொட்டிப் பாழான திடல் ஒன்றில் மரம் வளர்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் கிளம்பினார்கள். மேல்மண் கேட்டு அவரிடம்தான் வந்தார்கள். மண்ணியல் படிக்கிற கண்ணாடிக்காரப் பெண், "கொஞ்சம் மண்ணு குடுங்க ஐயா, சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றாள்.

"என்னையே சோதிக்கிறியா கண்ணு? நான் மண்ணுலயே கிடந்தவன். மேட்டு மண் தர்றேன். தங்கம்."

பெரியவர் முகம் சுண்டிவிடுமே என்று பிள்ளைகள் சோதனையை விட்டுவிட்டார்கள்.

நட்ட கன்றுகள் இரண்டே மாதத்தில் இலையோரம் கருகி நின்றன. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. திடலில் எல்லார் முன்னாலும் அவர் ஓட்டுநர்மேல் பாய்ந்தார். "மேட்டுக்குப் போகச் சோம்பேறித்தனம். டீசலை மிச்சம் பிடிச்சு வாய்க்கால் ஓரத்துல அள்ளியிருக்கான்."

"நீங்க காட்டின மேட்டுலதான் அள்ளினேன் முதலாளி" என்றதோடு ஓட்டுநர் நிறுத்திக்கொண்டான். முதலாளி அங்கேயே, தரவிருந்த கூலியிலிருந்து ஒன்பதாயிரத்தை எண்ணிப் பிடித்தார். மறுநாள் அவன் வரவில்லை. ஏமாற்று மண் ஓட்டியவன் என்று வேறு எவரும் அவனைச் சேர்க்கவும் இல்லை.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் குழி தோண்டி மண் எடுத்துச் சோதித்தார்கள். பிறகு கண்ணாடிக்காரப் பெண் அவருடைய ஷெட்டுக்கு வந்தாள்.

"வாய்க்கால் ஓரத்து மண்ணு நல்லாத்தான் இருக்கு ஐயா. மேட்டுலதான் கோளாறு. ரெண்டடிக்குக் கீழ நீலமா ஒரு பட்டை ஓடுது. எப்பவோ சாயக் கழிவைக் கொட்டி மூடியிருக்காங்க. உப்பு அதுலேர்ந்துதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அறிக்கையில உங்க பேரை எங்கயும் எழுதல. சோதிக்காம விட்டது எங்க தப்பும்தானே."

அவள் திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்திருப்பார். அந்த மரியாதைதான் அவரைப் போட்டு அறுத்தது. தான் வாயை மூடிக்கொண்டால் தன் பேர் தப்பும். ஓட்டுநர் பேர் கெட்டது கெட்டதாகவே கிடக்கும்.

முதலாளி தேடிப் போனபோது வண்டி கழுவும் இடத்தில் ஓட்டுநர் ஒரு வேனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். டீயோடு நின்ற பழைய லாரிக் கூட்டாளிகளில் ஒருவன், "என்ன முதலாளி, தண்ணியையும் மோந்து பாக்க வந்தீங்களா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

அவர் ஓட்டுநரின் காதோரம் குனிந்தார். "நீ சொன்னதுதான்ப்பா சரி. மேடுதான் கெட்டது. வாங்கிக்கோ." ஐந்நூறு ரூபாய்க் கத்தையை இடுப்போடு ஒட்டி மறைவாக நீட்டினார்.

ஓட்டுநர் கையைச் சட்டையில் துடைத்து விரித்தான். "கத்தையா வேண்டாம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் எண்ணித்தானே பிடிச்சீங்க. அதே மாதிரி எண்ணிக் குடுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க."

டீக் குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தையைப் பிரித்தார்.

"இவன் நான் காட்டின மண்ணைத்தான் ஓட்டினான். தப்பு என்னோடது" என்றார். "ஒண்ணு."

"கேக்கல முதலாளி" என்றான் ஓட்டுநர்.

"ஒண்ணு. ரெண்டு."

பதினெட்டாவது நோட்டு விழும்வரை விரித்த அந்தக் கை மூடவில்லை.