பின் ஜன்னலுக்குக் கீழே ஈரம்

டிமாரு நகரின் இறைச்சித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவர் லிண்ட்ஸே ஹாகர்ட். ஓய்வு பெற்ற மாதமே ஒரு வீட்டுவண்டி வாங்கி வந்தார். பழைய ஜப்பான் லாரியின் மேல் கட்டியது; கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்தன. அன்று மாலையே அவர் மனைவி நோலீன் சமையலறைச் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். டிசம்பரில் தொடங்கும் கோடையில் ஆறு வாரம், தீவின் மேற்குக் கரை முழுவதும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் அதன் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது வருடங்களில் அந்த வண்டி வெளியே தங்கிய இரவுகள் இருபதைத் தாண்டாது. ஒவ்வொரு வசந்தத்திலும் லிண்ட்ஸே அதைத் திறப்பார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார், கேஸ் குழாயில் சோப்பு நுரை பூசிக் கசிவு பார்ப்பார், கூரையின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்ப்பார். ஏதாவது ஒன்று கண்ணில் படும். அதற்கான பாகம் கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் கோடை முடிந்துவிடும்.

அவர் சோம்பேறி இல்லை, பயந்தவர். தொழிற்சாலையில் ஒருமுறை அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட இயந்திரத்தில் டெவிடா என்ற டோங்கா தீவுக்காரர் இரண்டு விரல்களை இழந்தார். விசாரணையில் யாரும் லிண்ட்ஸேமேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதையும் “சரியாக இருக்கிறது” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடம் முன் நோலீனுக்கு இடது கண்ணின் நடுப்பார்வை போனது. போன செப்டம்பரில் வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். மாதம் ஒரு முறை கண்ணில் ஊசி போடலாம். பார்வை எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“டிசம்பர் அஞ்சு. வண்டி எப்படி இருந்தாலும் கெளம்பறோம். டென்ஸில், நீதான் சாட்சி” என்றார் நோலீன் என்னிடம்.

“கெளம்பிடலாம்மா” என்றார் லிண்ட்ஸே. மனதாரத்தான் சொன்னார்.

நவம்பர் தொடக்கத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“இங்க கைய வச்சு அமுக்கிப் பாரு.”

பின் ஜன்னலுக்குக் கீழே உட்சுவரில் என் கட்டைவிரல் உள்ளே போனது.

“ஒரு தகரத்த அடிச்சு மூடு, லிண்ட்ஸே. ஆறு வாரம் தாங்கும்.”

நோலீன் பின்வாசலிலிருந்து வந்தார். “அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா. நம்ம ரெண்டு பேரும் உளுத்துப்போய்தான் இருக்கோம், நடமாடலையா?”

“கட்டில் இந்தச் சுவத்துலதான் நிக்குது நோலீன். நீ தூங்கறப்ப சரிஞ்சா?”

“அப்ப நீ அந்தப் பக்கம் படுத்துக்கோ.”

எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காலை அவர் பலகையைப் பிரித்துவிட்டார்.

உள்ளே மரச்சட்டம் கறுத்து, ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஜன்னலைச் சுற்றிப் புதிதாக சிலிக்கான் பசை பூசியவர் அவரேதான். ஒரு மூலையில் அது ஒட்டாமல் விட்டிருந்தது. மூன்று குளிர்கால மழையும் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. வண்டியின் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் கை போட்டதுதான்” என்றார்.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஒரு பலகைக்குப் பின் இன்னொன்று. டிசம்பர் ஐந்து வந்து போனது. கட்டி வைத்த பைகளை நோலீன் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கிறிஸ்துமஸ் அன்று தலையில் மரத்தூளோடு வந்து ஹாம் சாப்பிட்ட லிண்ட்ஸே, பாவ்லோவா கேக்கைத் தொடாமலே எழுந்து போனார். போகலாம் என்று நோலீன் அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அதையாவது லிண்ட்ஸே கவனித்திருக்கலாம்.

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு காலை, நோலீன் என்னைக் கத்திக் கூப்பிட்டார். ஓடினேன். மேசை முழுக்க டீ கொட்டிக் கிடந்தது.

“டென்ஸில், உன் மூஞ்சி இருக்கற எடத்துல புகை மாதிரி நிக்குது. காது மட்டுந்தான் தெரியுது.”

கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. கிறைஸ்ட்சர்ச் வரை கொண்டுபோய்க் காட்டினோம். ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும் என்றார்கள்.

வண்டி மார்ச்சில் தயாரானது. சுவர் அவ்வளவு நேர்த்தி. எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு வியாழக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். வெள்ளி மத்தியானமே திரும்பி வந்துவிட்டார்கள். நடந்ததை நோலீன்தான் எனக்குச் சொன்னார்.

ஃபேர்லி ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் லிண்ட்ஸே வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

“எதிர்ல என்ன இருக்கு?” என்று நோலீன் கேட்டிருக்கிறார்.

“மலை.”

“எப்படி இருக்கு, சொல்லேன்.”

“பெரிசா இருக்கு. மேல கொஞ்சம் பனி.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கூடவே வேலை பார்த்தவர்களிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதிருக்கிறார். நோலீன் அவர் முழங்காலைத் தட்டி, “வீட்டுக்குப் போலாம்ப்பா” என்றிருக்கிறார்.

“என் கண்ணுமேல எனக்குக் கோவம் இல்ல டென்ஸில். அது வயசானா போகும். ஒம்பது கோடை இருந்துச்சே, அதுக்குத்தான் மனசு ஆறல. அவன்கிட்ட இத எப்படிச் சொல்றது? சொன்னா செத்துடுவான்” என்றார் நோலீன் என்னிடம்.

அவர் சொல்லவில்லை. சொல்லாமலே லிண்ட்ஸேக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும், நெல்சன் நகரில் தனியாக இருக்கும் தங்கையிடம் நோலீன் ஒரு மாதத்துக்கென்று பஸ் ஏறினார். மாதம் மூன்றானது. தொலைபேசியில் தினமும் பேசுகிறார்கள். மழை, மருந்து, சாப்பாடு.

நேற்று லிண்ட்ஸேக்கு கொத்துக்கறி அடைத்த மின்ஸ் பை கொண்டுபோனேன். “போய் கூட்டிட்டு வாயேன். வண்டிதான் நல்லா இருக்கே” என்றேன்.

“பின்னாடி டயருக்கு வயசாயிடுச்சு” என்றார் லிண்ட்ஸே, என் முகத்தைப் பார்க்காமல்.