அக்காவின் பள்ளத்தாக்கு

ரொறொன்ரோவுக்கு வந்த மூன்றாவது வருடம், முப்பத்தொரு வயதில், நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போனேன். ஊரில் வாங்கிய சான்றிதழ்களை இங்கே ஒருவரும் பொருட்படுத்தவில்லை. காலையில் துணி தைக்கும் தொழிற்சாலை, மதியத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கான வகுப்பு. பதினேழு வயதில் படித்து முடித்த புவியியலை முதலிலிருந்து படித்தேன்.

எங்கள் ஆசிரியை சத்தமாகச் சிரிக்கிற பெண். ஒருநாள் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். உலகத்தில் ஏதாவது ஒரு மாவட்டத்தை எடுத்து, அதன் நிலம் எப்படிப்பட்டது, அங்கே என்ன நடந்தது, சுற்றுலாப் பயணிகள் ஏன் போகிறார்கள் என்று வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் சொந்த ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். என்னால் முடியவில்லை. எங்கள் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் சுவிஸில் அக்கா இருந்த பள்ளத்தாக்கை எழுதிக் கொடுத்தேன்.

அக்கா அங்கே போனது அவள் விருப்பத்தில் இல்லை. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அரசாங்கம் மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பியபோது, அவளுக்கும் அத்தானுக்கும் விழுந்தது அல்ப்ஸ் மலைகளுக்கு நடுவில் ஒரு சிறிய கிராமம். அங்கே ஒரு ஹோட்டலில் அவள் அறைகளைத் துப்புரவு செய்தாள்.

நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி நான்கு வரிகள்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நான் இருந்த வீட்டிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே அது பிற்பகல். அவளுக்கு வேலை முடிகிற நேரம்.

“உனக்கு வேற இடமே கிடைக்கேல்லையா?” என்றாள். “நான் இஞ்ச கட்டில் விரிக்கிறன், யன்னல் துடைக்கிறன். மலையைப் பற்றி எனக்கென்னடி தெரியும்?”

“யன்னலுக்கு வெளியில என்ன தெரியுது எண்டாவது சொல்லன்.”

பிறகு சொல்லத் தொடங்கினாள். ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. அதனால் வடக்குக் கரையில் வெயில், தெற்குக் கரையில் நிழல். “எங்கட வீடு நிழல் பக்கம். நவம்பரில மலைக்குப் பின்னால போற சூரியன் பெப்ரவரியிலதான் திரும்பி வரும். அந்த நாளில கிழவன் கிழவியெல்லாம் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில இருக்குங்கள்.”

ஏழு வருடமாக என்னிடம் குளிரைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் மட்டும் பேசிய அக்கா அவள். இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கேக்கேல்லை” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்துக் கேள்விகளை எழுதி வைத்தேன். அக்காவுக்குப் பதில் தெரியாதவற்றை அவள் ஹோட்டல் முதலாளியிடம் கொண்டுபோனாள். அதுவரை அந்த மனிதருக்கும் அவளுக்கும் இடையே காலை வணக்கமும் சாவிக்கொத்தும் மட்டும்தான். அவள் உடைந்த ஜேர்மனில் கேட்ட முதல் கேள்வி, தேவாலயத்தின் பின்சுவர் ஏன் கப்பலின் முன்பக்கம் போலக் கூராக இருக்கிறது என்பது. அவர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனாராம். மேலிருந்து பனிச்சரிவு வந்தால் அந்தக் கூர்முனை அதை இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் அனுப்பிவிடும். முன்பு ஒருமுறை தேவாலயம் முழுதாக அள்ளுண்டு போன பிறகு கட்டிய சுவர் அது.

பிறகு அவர் சொன்ன இன்னொரு கதையை அக்கா தொலைபேசியில் மெதுவாகச் சொன்னாள். சுற்றுலாக்காரரும் ரயிலும் வருவதற்கு முன்னர் அந்தப் பள்ளத்தாக்கில் சாப்பாட்டுக்கே வழியில்லை. பனி கரையத் தொடங்கியதும், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் கூட்டமாக மலையைக் கடந்து, தூரத்துப் பண்ணைகளில் மாடு மேய்க்க நடந்தே போவார்கள்.

“இந்தப் பணக்கார நாட்டிலயோ?” என்றேன்.

“ஓமடி. நானும் நம்பேல்லை.”

பேசுகிற நாளன்று, பிரிஸ்டல் போர்ட் என்கிற பெரிய அட்டையில் ஆற்றை நீலத்திலும் வெயில் கரையை மஞ்சளிலும் வரைந்துகொண்டு போனேன். தொடக்கத்தில் எழுதி வைத்ததைப் பார்த்தே வாசித்தேன். கூரான சுவருக்கு வந்தபோது தாளை மேசையில் வைத்துவிட்டேன். நெஞ்சு நோய்க்காரர்கள் சுத்தமான காற்றுக்காக வந்து தங்கிய வீடுகள்தான் பிறகு ஹோட்டல்கள் ஆயின என்று சொன்னேன். கடைசியாகப் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்காவுக்கும் தெரியவில்லை. இந்த முறை முதலாளி அவளைக் கிராமத்துச் சிறிய அரும்பொருளகத்துக்கு அனுப்பினார். அங்கே பழைய பதிவேடுகளும் ஒரு பிள்ளையின் தோள்பையும் இருந்தன. அடுத்த ஞாயிறு நான் எடுப்பதற்கு முன்பே அவளே தொலைபேசி எடுத்தாள்.

“வந்திட்டினம்” என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். “குளிர் தொடங்க முதல், புது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திடுவினம். கொஞ்சப்பேர்தான் அங்கயே நிண்டிட்டினம். முதலாளியின்ர பூட்டனும் அப்பிடிப் போய் வந்த பிள்ளைதானாம்.” “அந்தாள் சொல்லுது, எங்களை முதல் நாள் பஸ்ஸால இறங்கேக்க பாத்த உடன அவருக்கு அந்த நினைப்புத்தான் வந்ததாம். சொல்லத்தான் தெரியேல்லையாம்.”

திங்கட்கிழமை அந்தச் சோமாலியப் பெண்ணிடம் பதிலைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லது, நல்லது என்றாள். ஆசிரியை எனக்கு நல்ல மதிப்பெண் போட்டதோடு, என் வேலை விண்ணப்பங்களுக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதித் தந்தார். அடுத்த வருடம் டோர்செட் பார்க் பக்கத்தில் ஒரு தமிழரின் பயண முகவர் நிலையத்தில் எனக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தன.

அக்காவுக்கு நடந்தது அதைவிடப் பெரியது. அரும்பொருளகத்துக்கு அவள் அடிக்கடி போகத் தொடங்கினாள். கேள்வி கேட்கிற இந்தப் பெண்ணை அதை நடத்துகிறவர்களுக்குப் பிடித்துவிட்டது. கோடையில் வாரத்துக்கு இரண்டு பிற்பகல் பார்வையாளர்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டும் வேலையைக் கொடுத்தார்கள். முதன்முறையாக மலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் ஏறி, தான் இத்தனை வருடம் நிழலுக்குள் வாழ்ந்த வீட்டை மேலிருந்து பார்த்தாளாம். தீப்பெட்டி அளவில் இருந்தது என்று சொல்லிச் சிரித்தாள்.

பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போக என்னிடம் விமான ரிக்கற் எடுக்க வருகிறவர்களிடம், இரண்டு நாள் கூடுதலாகப் போட்டு அந்தப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். முதலில் போனது இங்கே மோர்னிங்சைட் பக்கம் இருந்த ஒரு குடும்பம். திரும்பி வந்ததும் கடைக்குள் நுழைந்தபடியே அந்த அண்ணை சொன்னார்: “உங்கட அக்கா எங்களை இருக்கவே விடேல்லை. சேர்ச்சுக்குப் பின்னால கொண்டுபோய் நிப்பாட்டி, சுவரைத் தடவிப் பாக்கச் சொன்னவ.”

அன்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, ஆட்கள் உன்னைப் புகழ்கிறார்கள் என்றேன். அவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை.

“அது கிடக்கட்டும். இனிமேல் ஆக்களை அனுப்பேக்க ஒண்டு சொல்லிவிடு. சீலையோடயும் பாட்டாச் செருப்போடயும் மலையேற வந்து நிக்கினம்!”