ஒரு மணிக்கு வந்த போன்

நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடியும் படிக்கப் போனேன். அம்மா இறந்ததும் உவரி வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டையில் ஓர் அறை எடுத்திருந்தேன். தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். கரையைத் தொட்டால் கூப்பிடுவான், தொடாவிட்டால் இல்லை. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. வள்ளியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெகுகாலம் வேலை பார்த்தவள் என்பதால், பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் தடயவியல் படிப்புக்கு மனுப் போட்டேன். இடம் கிடைத்துவிட்டது.

அழித்த படங்களை மீட்பது, ஒரு போன் எங்கெங்கே போய்வந்தது என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம்தான் பாடம். வகுப்பில் மற்ற எல்லோரும் இப்போதுதான் மீசை முளைத்த பையன்கள். முதல் நாள் நான் நுழைந்ததுமே ஒருவன் எழுந்து, "அக்கா, பால்வாடி டீச்சர் கிளாஸ் அடுத்த ரூம்" என்றான். அடுத்த அறையில் மழலையர் கல்விப் படிப்பு நடந்தது. அங்கே எல்லோரும் பெண்கள். "நான் இந்த ரூம்தான்லே, தள்ளி உக்காரு" என்றேன். தள்ளித்தான் உட்கார்ந்தான், படிப்பு முடிகிறவரைக்கும்.

மதியம் ஒரு மணிக்குப் பையன்கள் கும்பலாக மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் டப்பாவைத் திறப்பேன். எதிரே கட்டட நிழலில் அடுத்த அறைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிடுவார்கள். வகுப்பில் மாட்டிய அட்டை முயல் காதைக் கழற்ற மறந்து ஒருத்தி சோறு தின்றுகொண்டிருப்பாள். மற்றவர்கள் சொல்லாமல் சிரிப்பார்கள். படிப்பு தொடங்கிய புதிதில் அவர்களில் களக்காட்டுப் பெண் ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள்.

"ஏன்க்கா ஒத்தையில சாப்பிடுதீங்க? எங்ககூட வந்து உக்காருங்களேன்."

பாவம் பார்த்துக் கூப்பிடுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. என் வீம்பு அப்படிப்பட்டது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "வீட்டுல இருந்து கூப்பிடுதாங்கம்மா" என்று கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் போன் வராமல் இருக்க முடியுமா? வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. முதலில் தம்பியிடம் பேசுகிற மாதிரி பேசினேன். அவனிடம் நிஜமாகவே பேச எனக்கு ஒன்றும் கிடையாது, பொய்யாக எவ்வளவு நேரம் இழுப்பது? அதனால் அம்மாவிடம் பேச ஆரம்பித்தேன். "எம்மா, மார்க்கெட்டுல சாளை மீனு கெடந்துச்சு, கண்ணு செவந்து போயிருந்துச்சு, வாங்கல. ராத்திரி ஒரே வெக்கை. உன் மவன் கூப்பிடவே இல்ல." பேசி முடிக்கும்போது சோறு அப்படியே இருக்கும். வட்டத்திலிருந்து யாரும் அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. யாராவது எழுந்து வரமாட்டார்களா என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டுதான் பேசினேன். வந்தால் போனை வைத்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அடுத்த பருவத்தில் செய்முறைப் பயிற்சி வந்தது. பரிசோதனைக்கு வைத்திருந்த பழைய போன்களை எல்லோரும் அலசிக் காயப்போட்டாகிவிட்டது என்பதால், சொந்தப் போன்களையே மாற்றிக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். படத்தையும் மெசேஜையும் தொடக் கூடாது. வந்த, போன அழைப்புகளை மட்டும் எடுத்து, போன்காரரின் அன்றாடப் பழக்கம் என்ன என்று எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். "இஷ்டம் இல்லாதவங்க இப்பவே சொல்லிருங்க" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் எப்படித் திறப்பது?

செய்முறை வகுப்பு நேரத்தில் மட்டும் என் போன் ஆழ்வார்திருநகரிப் பையன் ஒருவனிடம் போய், மதியத்துக்குள் திரும்பிவிடும். மெஸ் வாசலில் கை கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால் என் பெஞ்சு நன்றாகத் தெரியும். போனும் கையுமாக நான் இருப்பதை அவன் எத்தனையோ நாள் பார்த்திருப்பான். அந்த அழைப்பு ஒன்றுகூட உள்ளே இல்லை என்பதை இப்போது பார்க்கப்போகிறான். கொடுப்பதற்கு முன்பே பொய் அழைப்புகளைச் சேர்த்திருக்கலாம்தான். ஆனால் சேர்த்ததைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவனுக்கு விளக்கிச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வாசிக்கிற அன்றைக்கு லீவு போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு வீம்பு விடவில்லை, போனேன்.

எழுந்து நின்று வாசித்தான். "இந்தப் போனுக்கு ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து எப்போதாவது அழைப்பு வருகிறது. மற்றவை பாங்க், கேஸ் கம்பெனி, ராங் நம்பர். மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை எந்த நாளிலும் எந்த வகை அழைப்பும் இல்லை. போன்காரர் தனியாக வசிப்பவர் என்று தெரிகிறது."

மேசையைப் பார்த்தபடி காத்திருந்தேன். யாராவது சிரிப்பார்கள், யாராவது "அக்கா?" என்று திரும்புவார்கள் என்று. ஒருவரும் திரும்பவில்லை. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஆசிரியர், "நேரத்த இருவத்துநாலு மணிக் கணக்குல எழுதணும்லே. அடுத்த ஆளு வா" என்றார். பையன் போனைத் திருப்பித் தந்து, "சார்ஜ் கம்மியா இருக்குக்கா" என்றான். இத்தனை மாதம் நான் ஆடிய நாடகத்தை இவர்களில் ஒருவன்கூடப் பார்த்திருக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மதியம் பெஞ்சில் போனைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் களக்காட்டுப் பெண் டப்பாவோடு வந்து நின்றாள்.

"இன்னைக்குப் போன் வரலியாக்கா?"

"வராது. என்னைக்கும் வந்ததில்ல" என்றேன். வீம்புக்குக்கூடத் தெம்பு இல்லை.

"தெரியும்க்கா" என்றாள் பைய.

"எப்படி?"

"நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பீங்க. அந்தப் பக்கத்து ஆளு பேசுததுக்கு எடமே விடமாட்டீங்க. நாங்க பயிற்சிக்குப் போற பால்வாடியில மூணு வயசுப் பிள்ளைங்க பொம்மை போன்ல அப்படித்தான் பேசும்."

காது மடல் சுட்டது. "தெரிஞ்சுட்டு ஏன் ஒருத்தரும் வரல?" கோபமாகத்தான் கேட்டேன்.

"பேசுத பிள்ளைக்கு நடுவுல போகக் கூடாதுன்னுதான் எங்களுக்குப் பாடம். அதுவா போனைக் கீழ வைக்குத வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். நாங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்க்கா. நீங்க வைக்கவே இல்ல."

பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "யார்ட்டக்கா பேசுவீங்க?"

"எங்கம்மாட்ட. செத்துப்போயிட்டாங்க."

இந்த ஊருக்கு வந்தபின் ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை. சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.  நான் அழுது முடிக்கிறவரைக்கும் அவள் தன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.