மாடி வீட்டில் ஓடிய பெல்ட்

எங்கள் தலைக்கு மேலே குடியிருக்கும் ஹெர் ப்ரூனோ தினமும் சாயங்காலம் வீடு பெருக்குகிறார். விளக்குமாற்றால் அல்ல, மிஷினால். இங்கே ஜெர்மனியில் அதற்கு ஷ்டௌப்ஸௌகர் என்று பெயர். தூசியை உறிஞ்சிக் குடிக்கும் மிஷின். மனுஷர் தனியாள். பிள்ளை குட்டி கிடையாது, நாய் பூனை கிடையாது. ஒற்றை ஆள் தினம் தினம் இத்தனை குப்பையை எங்கிருந்துதான் கொண்டுவருகிறார் என்று வந்த புதிதில் எனக்கு ஒரே ரோசனை. அதிலும் ஒரு நாள் கேட்ட சத்தம் மறுநாள் இருக்காது. ஒரு நாள் கன்றுக்குட்டி கத்துவது போலிருக்கும். இன்னொரு நாள் தையல் மிஷின் போல. சில நாட்களில் மட்டும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு கனத்த ரீங்காரம் கிளம்பி, கூரை வழியாக இறங்கி, அடுப்படித் தரையில் வந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்கும் நாளில்தான் எனக்குச் சோறு இறங்கும்.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அது அப்படியே நம் பெல்ட் சத்தம்.

மந்தாரக்குப்பத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்தில் வெட்டுகிற மண்ணும் நிலக்கரியும் அகலமான ரப்பர் பெல்ட்டில் ஏறி வெகுதூரம் ஓடும். அது ஓடுகிற சத்தம் எங்கள் வாடகை வீட்டு வரிசைக்கு இரவும் பகலும் கேட்டபடி இருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் ப்ளாக்குகளும் மரங்களும் நடுவில் இருப்பதால் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்களுக்கு அது மூச்சு மாதிரி. ஓடும்வரை காதில் விழாது. நின்றால் மட்டும் விழும். என் வீட்டுக்காரருக்குக் காண்ட்ராக்டில் பெல்ட் ஒட்டும் வேலை. பெல்ட் கிழிந்தால் இரண்டு முனையையும் சீவி, பசை தடவி, சூட்டுப் பலகையில் அழுத்தி ஒன்றாக்குவார்கள். அதனால் சத்தம் நின்றால், பெல்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். குழம்பு கொதிக்கட்டும், பால் பொங்கட்டும், அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிடுவேன். நான் மட்டுமில்லை, எங்கள் வரிசையில் எல்லாப் பெண்களும் வந்து நிற்பார்கள்.

அப்படி வந்து நிற்கும்போது எதுவும் பேசக்கூடாது. "யாருக்கு?" என்று கேட்கவே கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்ணான எனக்கு இது தெரியாமல், "இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வாய மூடிகினு நில்லுடி. கண்ணுதான் கேக்கணும், வாயி கேக்கக் கூடாது."

கம்பெனி பஸ்ஸெல்லாம் பெர்மனெண்ட் ஆட்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்கள் சைக்கிளில் வருவார்கள். சுரங்கத்து ரோட்டில் வரிசையாக வரும் சைக்கிள்களை ஒவ்வொரு முகமாகப் பார்ப்போம். தலையில் துண்டு, முகமெல்லாம் பழுப்புத் தூசி. யார் யாரென்று கிட்டே வந்தால்தான் தெரியும். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வந்தார். அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. எல்லாரும் வந்து முடிந்து, ரோடு வெறிச்சென்று ஆன பிறகும் அக்கா சிலைபோல் நின்றாள். நானும் நின்றேன். வெகுநேரம் கழித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வாயில் பீடியோடு அவர் வந்தார். மழைக்கு உருளையில் களிமண் ஒட்டிக்கொண்டு பெல்ட் நின்றுவிட்டதாம். வேலையில்லை என்றதும் டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பெரும்பாலும் காரணம் இப்படித்தான் ஒன்றுமில்லாததாக இருக்கும். அது நிற்கும்போது யாருக்குத் தெரியும்?

"டீ குடிச்சியா? நல்லா இருந்திச்சா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இவுங்களுக்குத்தான்டி காண்ட்ராக்ட்டு. நம்ம காதுக்கு எப்பவோ பெர்மனெண்ட் ஆயிடுச்சு."

இப்படி யாராவது சொன்னதையெல்லாம் நான் மனதில் சேர்த்து வைப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு வேறு என்ன சொத்து?

பெல்ட் விற்ற நாட்டிலிருந்து வந்த ஒருவர் என் வீட்டுக்காரரின் கைவேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டதால், மேற்கு ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் கிடைக்காத பெர்மனெண்ட் இங்கே கிடைத்தது. ஊரில் இவர் விட்டுவந்த காண்ட்ராக்ட் வேலையில் என் தம்பி ஏழுமலை சேர்ந்தான். இங்கேயும் அதே பழுப்பு நிலக்கரி, அதே பெல்ட். ஆனால் சுரங்கத்தைச் சுற்றி மண்மேடு போட்டு, அதன்மேல் காடு வளர்த்திருக்கிறார்கள். ஊருக்குள் தூசி வராது, சத்தமும் வராது. புண்ணியவான்கள், நல்லதற்குத்தான் செய்திருக்கிறார்கள். நான்தான் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தேன். பெல்ட் ஓடுகிறதா, நின்றுவிட்டதா? அவர் ஷிஃப்டுக்குப் போனதிலிருந்து கதவு திறக்கும்வரை ஒரு தகவலும் இல்லை. அந்த நேரத்துக்குத்தான் மாடியிலிருந்து அந்த ரீங்காரம் துணைக்கு வந்தது.

ஒருநாள் அது பாதியில் நின்றது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் நான் மாடிப்படி ஏறிவிட்டேன். கதவைத் திறந்த ஹெர் ப்ரூனோவின் எதிரே, மூச்சு வாங்க, கையில் கரண்டியோடு நிற்கிறேன். வாயில் ஜெர்மன் வார்த்தை ஒன்றும் வரவில்லை. கரண்டியால் மிஷினைக் காட்டினேன். மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. கீழ்வீட்டுப் பெண் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கி, கையில் தூக்கிக் காட்டி, "எண்ட்ஷுல்டிகுங், எண்ட்ஷுல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து மாடியில் மூச்சுப் பேச்சு இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்த நல்ல மனுஷர் என் தூக்கத்தைக் கெடுத்தார்.

"ஊர்ல அவனவன் சத்தமில்லாத வூடு கெடைக்காதான்னு அலைஞ்சிகினு கீறான். ஒனக்குச் சத்தம் வேணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

"உங்களுக்கின்னா, நீங்க அதும் பக்கத்துலயே நின்னுகினு இருக்கீங்க. நான் எங்கேருந்து கேக்கறது?" என்றேன்.

பொறுக்க முடியாமல், ஒரு தட்டில் வடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினேன். அவர் வடையை வாங்கிக்கொண்டு விழித்தபோது, நானே உள்ளே போய், அந்த ரீங்காரம் போடுகிற, பீப்பாய் போன்ற பழைய மிஷினின் ப்ளக்கைச் சுவரில் செருகினேன். ஊம் என்று அது எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்து பார்த்தால் ஹெர் ப்ரூனோவின் கண்ணில் தண்ணீர். தன்னைப்போலவே பழைய மிஷின்மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு பெண் இந்தியாவிலிருந்து வந்து தன் கீழ்வீட்டிலேயே இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், குளியலறையில்கூட ஷ்டௌப்ஸௌகர்கள். யுத்தத்துக்கு முந்தியவை, பித்தளை மூக்கு வைத்தவை, துணிப்பை தொங்குபவை. தினம் ஒன்றாக ஓட்டினால்தான் மோட்டார் கெடாதாம். அதற்காகத்தான் சாயங்காலப் பெருக்கல். அந்தச் சனிக்கிழமை அவரைப் போன்றவர்கள் கூடும் கூட்டத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார். இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது.

மாதாகோயில் கூடத்தில் காலையிலிருந்தே கூட்டம். ஆணும் பெண்ணுமாக, அவரவர் மிஷினைக் குழந்தைபோல் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கேக்கும் காப்பியும் வந்தபடி இருந்தன. உன்னுடையது எது என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். அறை மூலையில் கிடந்த துடைப்பக் கட்டையை எடுத்து, குனிந்து நம் ஊர் மாதிரி பெருக்கிக் காட்டினேன். ஒரே சிரிப்பு. ஒரு கிழவர் எழுந்து வந்து, தென்னை விளக்குமாறு ஒன்று வரவழைத்துத் தர முடியுமா, தன்னிடம் இருப்பவற்றோடு வைக்கவேண்டும் என்று கெஞ்சினார். பழைய சாமானைச் சேர்ப்பவர்களும் பழைய பேச்சைச் சேர்ப்பவளும் ஒரு ஜாதிதான் என்று எனக்குத் தோன்றியது. அன்று கொஞ்ச நேரம் நான் பெல்ட்டை மறந்திருந்தது உண்மை.

என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட். முடிந்ததும் நேரே இங்கே வருவதாகச் சொல்லியிருந்தார்; பஸ் நிற்கும் இடம் கூடத்துக்கு எதிரிலேயே. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வரவேண்டிய பஸ் வந்தது. சுரங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். அவர் இல்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. காப்பி ஆறிப்போனது. ஹெர் ப்ரூனோவிடம் சொல்லலாம், போன் போட்டுக் கேட்கச் சொல்லலாம். ஆனால் வாயால் கேட்கக் கூடாது என்று ஊறிப்போனவளுக்கு நாக்கு எழவில்லை.

அப்போது கெர்டா என்ற அம்மாள் ஒரு பச்சை மிஷினைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார். அவருடைய கணவர் ஹைன்ஸ் போன குளிர்காலத்தில் காலமானவர். இந்தக் கூட்டத்தில் ஒருவர் இறந்துபோனால் ஒரு வழக்கம் உண்டு என்று ஹெர் ப்ரூனோ என் காதில் ஏதோ சொன்னார். பாதிதான் புரிந்தது. எல்லாரும் தங்கள் மிஷினை ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். கூடம் முழுக்க, தரை அதிர, ஊம் என்று ஒரே சத்தம். மந்தாரக்குப்பமே வந்து இறங்கியது போலிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக அணைத்தார்கள். கடைசியில் கெர்டாவின் பச்சை மிஷின் மட்டும் ஓடியது. அதையும் அவர் அணைத்தார்.

அந்த அமைதியில் நான் எழுந்து வெளியே நடந்தேன். மேல்கோட்டு இல்லை, பை இல்லை. ரோட்டு ஓரத்தில் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் வரும் பக்கம் பார்த்து நின்றேன்.

பின்னாலேயே கெர்டா வந்தார். தன் புருஷனுக்காக நான் அழுவதாக நினைத்து என்னைக் கட்டிக்கொண்டு, "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லி முதுகைத் தடவினார். முகம் தெரியாத மனுஷருக்காக அழவில்லை என்று எப்படிச் சொல்வது? என் கண் ரோட்டிலேயே இருப்பதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கவனித்தார். தடவிய கை நின்றது. "மான்? ஷிஷ்ட்?" என்றார். புருஷனா, ஷிஃப்டுக்குப் போயிருக்கிறாரா என்று கேட்கிறார். தலையாட்டினேன். ஹைன்ஸும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தானாம். அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் கம்பளிச் சால்வையில் பாதியை என் தோளில் போட்டுவிட்டு, அவரும் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த பஸ்ஸில் என் வீட்டுக்காரர் இறங்கினார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"இன்னா தனம், இந்தக் குளிர்ல இங்க நின்னுகினு கீற?"

"ஏன் லேட்டு?"

"பெல்ட்டு கிழிஞ்சிடுச்சி. ஒட்டிட்டு வர நேரமாயிடுச்சி."

"பெல்ட்டு நின்னுச்சா?"

"பன்னண்டு மணிக்கே நின்னுச்சி. அதுக்கின்னா இப்ப? யாருக்கும் ஒண்ணுமில்ல."

பன்னிரண்டு மணி. நான் துடைப்பத்தோடு குனிந்து எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். இந்த ஊரில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ஒரு பெண்கூட ரோட்டுக்கு வரவில்லை. நானும் வரவில்லை.

அவர் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். உள்ளே அவரைக் கைதட்டி வரவேற்பது கேட்டது. நானும் போயிருக்க வேண்டும். எதிர்பார்த்த முகம் வந்துவிட்டது. ஆனால் நான் ரோட்டு ஓரத்திலேயே நின்றேன். ஊரில் இப்போது விளக்கு வைத்து நேரமாகியிருக்கும். தம்பி ஏழுமலைக்கு இரண்டாம் ஷிஃப்ட். அந்தப் பெல்ட் ஓடுகிறதா, நிற்கிறதா? நின்றால் அவனுக்காக யார் ரோட்டுக்கு வருவார்கள்? அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

பஸ் போன பிறகும் நான் ரோட்டையே பார்ப்பதைக் கண்ட கெர்டா, உள்ளே போன என் வீட்டுக்காரரைக் காட்டி, பிறகு வெறும் ரோட்டைக் காட்டி, "நோஹ் ஐனர்?" என்றார். இன்னும் ஒருத்தரா?

"யா" என்றேன்.

எங்கே, யார், எந்தப் பஸ்ஸில் என்று அவர் கேட்கவில்லை. நழுவிய சால்வையை என் தோளில் இழுத்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்றார்.