மாலைக்கு விட்ட இடம்

திண்டிவனத்தில் எனக்குப் பிழைப்பே இறந்தவர்களின் படம்தான். வீட்டார் கொண்டுவரும் சின்ன போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுப்பேன். கண்ணுக்குக் கீழே கருப்பு, நெற்றிச் சுருக்கம் எதையும் வைக்கமாட்டேன். மாலை தொங்குவதற்காக மார்புப் பக்கம் காலியாக விடுவேன்.

நாற்பது வயதில், டிராயிங் மாஸ்டர் வேலைக்கு ஆசைப்பட்டு, விழுப்புரத்தில் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். பகலெல்லாம் பிழைப்பு, சாயங்காலம் ரயில். ஒருமுறை, அவரவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வரைந்துவரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்து முடித்து, சுவரில் சாய்த்துவைத்தேன். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை நின்றுவிட்டது.

"இன்னாங்க இது, மாலை போட எடம் வுட்டு வரைஞ்சி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மார்புப் பக்கம் காலி. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. பழகிய கை என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டிருந்தது.

"தெனமும் ரயில் எறங்கி காலை இழுத்துக்கினு வர்றீங்களே, அந்த மொகம் இதுல எங்க?" என்றாள்.

எழுந்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து என் முன்னால் வைத்தாள். கண்ணுக்குக் கீழேயிருந்த கருப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

களைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் அதை நான் நொந்துகொள்வதில்லை. இறந்தவர்களின் முகத்தில் நான் ஒருநாளும் வரையாதது அதைத்தான்.