திருநீறு போட்டு மினுக்கிய ஆந்தைக்காசு

என் அண்ணைக்கு இந்த உலகத்தில் இரண்டு ஆசைகள்தான். ஒன்று மாம்பழம், மற்றது ஏதென்ஸ் நகரத்துப் பழைய வெள்ளிக்காசு. சீனி வருத்தம் வந்ததும் மாம்பழத்தை டொக்டர் நிறுத்தினார். காசை அந்த வருத்தமே பறிக்கப் பார்த்தது. ஒரு கண் போய்விட்டது; மற்றதில் புகைதான்.

வெக்ஸ்போர்ட் பகுதியில் உள்ள அவருடைய அப்பார்ட்மெண்டுக்குச் சனிக்கிழமைகளில் போவேன். ஜன்னலோரக் கதிரையில் இருந்து, அந்த ஒற்றைக் காசைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட அதீனா தேவி. மறுபக்கம் முழித்துப் பார்க்கும் ஆந்தை, ஒலிவ் இலை, சின்னப் பிறை.

"வேற குருவி கிடைக்கேல்லையாமே இவருக்கு! ஆந்தையைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறார்," என்று அவர் மனைவி, என் மச்சாள், புறுபுறுப்பார். அண்ணை சிரிப்பார்.

காசு கறுத்துப்போயிருந்தது. துடைக்க அவர் விட்டதேயில்லை. "பள்ளத்துக்குள்ள கிடக்கிற கறுப்பாலதான் எனக்கு உருவம் பிடிபடுது. அதையும் எடுத்தால் வெறும் மினுக்கம்தான்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். மச்சாள் அப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார்.

போன மாசியில் மற்றக் கண்ணும் மோசமானது. ஆந்தையின் கண் மட்டும்தான் தெரிகிறது என்று சொல்லி, சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குச் சாமியறை வெள்ளி விளக்குகளை மினுக்கும்போது, இதுவும் வெள்ளிதானே என்று காசையும் எடுத்து, திருநீறு போட்டு, பழைய வேட்டித்துண்டால் தேய் தேய் என்று தேய்த்துவிட்டார்.

"பாருமன், புதுக்காசு மாதிரி. இனி அவருக்கு வடிவாத் தெரியும்," என்று, சேதி கேட்டு அன்றைக்கே ஓடிப்போன என்னிடம் வாசலிலேயே நீட்டினார். நகக்கண்ணெல்லாம் திருநீறு. ஐயோ, எனக்கு வந்த ஆத்திரம்! என் வாயும் சும்மா கிடக்கிற வாயில்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

அண்ணை காசை வாங்கி உள்ளங்கையில் வைத்தார். வெளியே கொட்டிக்கிடந்த பனியால் ஜன்னல் முழுக்க வெளிச்சம். காசும் அப்படியே மின்னியது. பெருவிரலால் தடவிப் பார்த்தார். விரல் நுனிகளும் அந்த வருத்தத்தில் மரத்துப்போய்விட்டன. என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"என்னப்பா, தெரியுதே?" என்று கேட்டார் மச்சாள்.

"ஓமப்பா, நல்லாத் தெரியுது. என்ன பெரிய கண் இந்த ஆந்தைக்கு! உந்தா இலை. உதில பிறை."

மச்சாள் காசைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான்தான் காசைப் பார்த்தேன். அண்ணையின் கையில் மேல்பக்கமாகக் கிடந்தது அதீனாவின் முகம்.