பாலியில் பார்த்த சாவு

பாலிக்குப் போகலாம் என்று முடிவு செய்தவள் என் சிநேகிதி. யாங்கோன் நகரத்து லத்தா பகுதியில் குழாயும் பெயின்டும் விற்கும் பெரிய கடை அவளுடையது. பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் இன்னொருத்தியும் ஒரே பெஞ்சு. அந்த இன்னொருத்தி இப்போது நகரத்துக்கு வெளியே மாவ்பியில் நெல் வயலும் சின்ன அரிசிக்கடையுமாக இருக்கிறாள். நான் யாங்கோனிலேயே க்யிம்யிண்டைங்கில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாவ்பிக்காரியின் அப்பா போன மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார்.

"அவ ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாடி. நாமதான் எங்கயாவது கூட்டிட்டுப் போவணும்" என்றாள் கடைக்காரி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. தன்னைப் படம் எடுக்கத்தான் அவளுக்கு ஆள் தேவைப்பட்டது என்பது அங்கே போய் இறங்கியதும் தெரிந்துவிட்டது.

பெட்டி கட்டும்போதே எனக்குச் சொல்லிவிட்டாள். "நம்ம ஊர்லதான் தெனம் தமேன் சுத்துறோம். அங்க போயுமா? நான் ஒண்ணுகூட எடுத்துக்கல." தன் கடையில் வேலை செய்யும் பெண்கள் மட்டும் இடுப்பில் கைலிபோலத் தமேன் சுற்றி, முகத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசித்தான் நிற்க வேண்டும், அது பண்பாடாம். பாலியில் எந்தக் கோயிலுக்குள் போவதென்றாலும் இடுப்பில் துணி சுற்றியாக வேண்டும். அவள் வாசலில் ஒன்றை வாடகைக்கு வாங்கிச் சுற்றிக்கொண்டு, "இவங்க பண்பாட்ட எப்படிக் காப்பாத்துறாங்க பாரு" என்று உருகினாள். நான் ஊரிலிருந்து கட்டி வந்த தமேனும் இடுப்பில் சுற்றுகிற துணிதான். அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கோயில் மலைமேல் இருந்தது. இரண்டு பாதியாகப் பிளந்து நிற்கும் கல்வாசல், அதற்கு நடுவே தூரத்தில் ஒரு எரிமலை. வாசலின் கீழே ஏரி இருப்பது போலவும் அதில் ஆள் தலைகீழாகத் தெரிவது போலவும் உலகமே படம் எடுத்துப் போட்டிருக்கிறது. ஏரி கிடையாது. படம் எடுப்பவர் கைபேசிக்குக் கீழே ஒரு துண்டுக் கண்ணாடியைப் பிடிக்கிறார், அதுதான் ஏரி. இதற்காகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெயிலில் அரைநாள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் முறை வந்ததும் ஓடிப்போய்க் குதித்தார்கள், கையை விரித்தார்கள், ஒற்றைக்காலில் நின்று தியானம் செய்தார்கள்.

"சந்நிதி இன்னும் மேல இருக்காம். போய்க் கும்பிட்டு வந்துடலாமா?" என்று கேட்டேன்.

"சாமி நம்ம ஊர்லயும் இருக்குடி. வரிசைய விட்டா போச்சு."

மறுநாள் அடுக்கு வயல். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பச்சை. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயலின் தலைக்குமேல் வரிசையாக ஊஞ்சல்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். பின்னால் கொடிபோல் பறக்கும் சிவப்புக் கவுனை வாடகைக்கு மாட்டிக்கொண்டு பெண்கள் ஆடினார்கள். சேற்றில் நின்று நாற்று நடுகிறவர் முதுகுக்கு மேலே கவுன்கள் போய்ப் போய் வந்தன. கடைக்காரியும் ஆடினாள். மாவ்பிக்காரி வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிய மேல்மடையிலேருந்து நல்லா எறக்கியிருக்காங்க" என்றாள் என்னிடம். "இந்தக் கண்டத்துலதான் களையே எடுக்கல."

ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது. "அமே, இங்க வந்துமா களையப் பாக்குற? என்னய எடுடி."

எங்கள் கார் டிரைவரும் லேசுப்பட்டவர் இல்லை. எதைக் காட்டினாலும் "இதுதான் உண்மையான பாலி" என்பார். உண்மையான பாலி ஒவ்வொரு முறையும் அவருடைய சொந்தக்காரர் யாரோ ஒருவரின் வெள்ளிக்கடையில் போய் முடிந்தது.

ஒருநாள் அருவிக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்துச் சாலை அடைபட்டிருந்தது. சாவு ஊர்வலம். வெள்ளையும் மஞ்சளுமாகத் துணி சுற்றிய உயரமான தேரை ஊரே தோளில் தூக்கி வந்தது. முச்சந்தியில் அதைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். செத்தவருக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழி மறந்துபோக வேண்டுமாம். முன்னால் வெண்கலத் தாளங்கள் முழங்கின. சுடுகாட்டில் கறுப்புக் காளை உருவம் ஒன்று வயிறு திறந்து காத்திருந்தது. உடலை அதற்குள் வைத்தார்கள்.

சாவு வீட்டுப் பெண் ஒருத்தி, நாங்கள் யார் எவர் என்று கேட்காமலே, தண்ணீரும் இலையில் மடித்த அரிசிப் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்தாள். கடைக்காரி ஒரு கையில் பலகாரமும் மறு கையில் கைபேசியுமாக முன்னால் போய் நின்றாள்.

"யாரும் அழுவல பாரு. எவ்வளவு அழகா வழியனுப்புறாங்க" என்று கைபேசிக்குள் பேசினாள். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, "வெளிச்சம் எதிர்ல அடிக்குது. நான் அந்தப் பக்கம் போறவரைக்கும் நெருப்பு வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

டிரைவர் சிரித்தார். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.

மாவ்பிக்காரி கடைக்காரியின் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பாவுக்கு நெருப்பு வச்சப்ப நீ எங்கடி இருந்த?"

கடைக்காரி கைபேசியை இறக்கவில்லை. "அன்னைக்குச் சரக்கு எறங்குச்சு. போன்ல பேசுனேன்ல?"

"பேசுன. காரியமெல்லாம் முடிஞ்சப்புறம்."

"மழை வேற. மாவ்பி ரோடு எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். ஹாலிடேக்கு வந்த எடத்துல இதெல்லாம் பேசணுமா?"

மாவ்பிக்காரி திரும்பி நடந்தாள். பலகாரம் கொடுத்த பெண்ணின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். நானும் போனேன். காளை எரிந்து விழும்வரை உட்கார்ந்திருந்தோம். கடைக்காரி வேண்டிய அளவு எடுத்துக்கொண்டதும் காரில் ஏசியைப் போட்டு உட்கார்ந்து, அருவி, அருவி என்று எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சாம்பலைக் கடலுக்கு எடுத்துப்போக லாரி கிளம்பியது. அந்தப் பெண் கையை நீட்டினாள். மாவ்பிக்காரி பிடித்து ஏறிவிட்டாள், பின்னாலேயே நானும். எங்களுக்கு அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. செத்தவர் ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கடற்கரையில் சாம்பலைக் கரைத்தபோது மாவ்பிக்காரி முழங்கால் தண்ணீரில் நின்று அழுதாள். அந்தப் பெண் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மிச்ச நாட்களில் மாவ்பிக்காரி அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. யாங்கோன் விமான நிலையத்தில் கடைக்காரியின் கணவர் வேனோடு நின்றார். மாவ்பிக்காரி அதில் ஏறாமல், ஒரு டாக்ஸியைப் பிடித்துப் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

"எப்படி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறா பாரு. அவளுக்காகத்தான் இவ்வளவும் பண்ணேன்" என்றாள் கடைக்காரி.

பிறகு ஒருநாள் அவள் வீட்டில் விருந்து. கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் கௌசுவேயைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெரிய டிவியில் அந்தச் சாவை ஓட்டினாள். வந்தவர்கள் நூடுல்ஸை உறிஞ்சியபடி பார்த்தார்கள்.

"சாவுன்னா என்னன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நன்றாகச் சாப்பிட்ட முகங்கள்.

"அடுத்த மாசம் மாவ்பியில அவ அப்பாவுக்குத் திதி. வர்றியா?" என்று கேட்டேன்.

"அடுத்த மாசமா? நாங்க வியட்நாம் போறோமேடி. நீயும் வா."

திதிக்கு நான் பஸ்ஸில் போனேன். எனக்கு முன்பே கடைக்காரி அனுப்பிய மலர்வளையம் போய்ச் சேர்ந்திருந்தது. திதிக்கு யாரும் மலர்வளையம் அனுப்புவதில்லை. குறுக்கே பட்டையாக ஒரு ரிப்பன்; அதில் கடையின் பெயர் பெரிய எழுத்தில், கீழே போன் நம்பர். மாவ்பிக்காரி அதைக் கொல்லைப் பக்கம் எடுத்துப்போய்ப் பூவையெல்லாம் பிய்த்து மாட்டுக்குப் போட்டாள். ரிப்பன் கெட்டியாக இருந்தது. சாய்ந்து கிடந்த வாழைக்கன்றைக் குச்சியோடு சேர்த்து அதனால் கட்டிவிட்டு, "வா, எல போட்டாச்சு" என்றாள்.